மூன்று சாய்ஸ் மட்டும் போட்ட பெண்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கடைத்தெருவில் 14 வருடமாக நெட் சென்டர் வைத்திருக்கிறேன். படித்தது எம்.ஏ. பொருளாதாரம். பேங்க் பரீட்சையை 5 முறை எழுதினேன், 5 முறையும் தேறவில்லை. 5 முறை எழுதியது என் விடாமுயற்சி என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மளிகைக் கடைதான் அந்த 5 முறைக்கும் சோறு போட்டது என்று உறைக்க நாற்பது வயதாகிவிட்டது.

இப்போது என் பிழைப்பு அடுத்தவர் விண்ணப்பத்தை நிரப்புவது. ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, பட்டா நகல், டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் செலக்‌ஷன், இன்ஜினியரிங் கவுன்சலிங், எல்லாம் வரும். நாள் முழுக்க இதையே செய்தால், யார் எதற்கு முயல்கிறார்கள் என்பதைவிட, யார் எந்தக் கட்டத்தில் "சரி விடுங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்து போகிறார்கள் என்பது நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அந்த எழுந்து போகும் இடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2022-இல் வந்த மூன்று பேர். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை நகர்த்தியும் இருக்கிறேன். மூவரும் பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒரே வருடம் பிளஸ் டூ. கட்ஆஃப் 200-க்கு 149-க்கும் 158-க்கும் நடுவில், அதாவது மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த செட்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. கொரோனாவால் 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, 2021-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் ஆல் பாஸ். ஆக அவர்கள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே பிளஸ் டூதான். தன்னால் என்ன முடியும் என்று தெரிந்துகொள்ள அதற்கு முன் ஒரு அளவுகோலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வருடம் மேட்டூரையும் சீக்கிரமாகத் திறந்தார்கள். வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திராமல் மே 24-ஆம் தேதியே தண்ணீர் விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. அதனால் ஜூனில் ரிசல்ட் வந்தபோது குறுவை நடவு மும்முரமாக இருந்தது. காலனித் தெருப் பெண்ணின் அம்மா கெண்டைக்கால் சேறு காயாமல் என் கடை வாசலில் நின்றது அதனால்தான்.

அந்தப் பெண்ணுக்கு 158. மூவரில் அதிகம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. அந்தப் பள்ளியின் இயற்பியல் டீச்சர் விரட்டி அனுப்பியதால்தான் கவுன்சலிங் பதிவுக்கே வந்திருந்தாள். விண்ணப்பத்தில் முகவரி கேட்டபோது, "அண்ணே, காலனின்னு போட வேணாம், தெரு பேரு மட்டும் போடுங்க" என்றாள். ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றினால் பிறகு சிக்கல் வரும் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். அவளுக்கு அது 3 வருடம் தாமதம்.

அடுத்து ஒரு கேள்வி வரும்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? ஆம் என்று டிக் அடித்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குள் போகலாம். 2020-இல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்து 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரித்தார்கள். கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். இதைச் சொன்னால் அம்மாவும் மகளும் துள்ளிக் குதிப்பார்கள் என்று நான் நினைத்தேன். அம்மா கேட்டது இதுதான்: "கவருமெண்டு கட்டுமுன்னா, மொதல்ல நாம கட்டிப்புட்டு அப்பறமா வருமா தம்பி, இல்ல மொதல்லயே கட்டிருவாங்களா?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பதிலுக்குப் பதில் உபதேசம் செய்தேன். படிப்பு ஒன்றுதான் நம்மைத் தூக்கிவிடும், இந்தப் பிள்ளை எங்கேயோ போகும், நீங்கள் தைரியமாக இருங்கள், இத்யாதி. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பதிவு முடிந்தது, போனார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில், "இந்த ஜனங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் முயற்சி பண்ணணும்ங்கிற எண்ணமே இல்லை" என்று மனைவியிடம் சொன்னேன். பிறகு நான் எழுதப்போவதை இந்த வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்த வாக்கியம் இந்த டெல்டாவில் ரொம்பப் பேர் வாயில் இருக்கிறது, சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

செப்டம்பரில் சாய்ஸ் ஃபில்லிங். தெரியாதவர்களுக்காக: நமக்கு வேண்டிய கல்லூரி, பாடப்பிரிவு எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் போட வேண்டும், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். குறைவாகப் போட்டால் லாபம் ஒன்றும் இல்லை, அதிகமாகப் போட்டால் நஷ்டமும் இல்லை. இந்த வேலைக்கு 3 நாள்தான் கொடுப்பார்கள்.

மேலத்தெருப் பையன் 84 சாய்ஸ் போட்டான். அவன் போட்டான் என்பதைவிட, சென்னையில் இருக்கும் சித்தப்பா போனில் சொல்லச் சொல்ல நான் போட்டேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். அந்தப் பெண் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் தாளோடு வந்தாள். அதில் 3 கல்லூரி. மூன்றும் காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடியவை.

"ஏம்மா மூணே மூணு?"

"போதும்ணே."

"உன் மார்க்குக்கு இதைவிட நல்ல காலேஜ் கிடைக்கும்மா, ஹாஸ்டலும் உண்டு."

"ஹாஸ்டல் வேணாம்ணே."

மூன்றாவது ஆளைச் சொல்லவில்லையே. குத்தகை விவசாயி மகன், கட்ஆஃப் 149. கவுன்சலிங்குக்கே அவன் பதிவு செய்யவில்லை. சிங்கப்பூர் போக வெல்டிங் டெஸ்டுக்கு எங்கே பணம் கட்டுவது, பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான் கேட்டான். பள்ளியில் அவனைப் படிப்பு ஏறாத பையன் என்பார்கள். அதே பையன் அடுத்த 8 மாதம் விடிகாலை 5 மணிக்கு எழுந்து பயிற்சிக்கு ஓடினான், கை முழுக்கப் பொறி பட்டுக் கரும்புள்ளி. வாடகைக்கு எடுத்து வந்த பிளேட்டில் வீட்டுக் கொல்லையில் ஞாயிற்றுக்கிழமையும் பற்றவைத்துப் பழகினான். மூவரில் யார் அதிகம் உழைத்தது என்று கேட்டால் யோசிக்காமல் அவனைத்தான் சொல்வேன். ஆக, அவனிடம் முயற்சி என்ற சரக்கு இல்லாமல் போகவில்லை. பள்ளிக்கூடம் இருந்த திசையில்தான் அது போகவில்லை.

துண்டுத் தாளுக்கு வருகிறேன்.

அன்று கடையில் கூட்டம் இல்லை. வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். அவளுடைய அத்தை மகன் ஒருவர் இருக்கிறார். 2013-இல் அந்தத் தெருவிலிருந்து இன்ஜினியரிங் சேர்ந்த முதல் ஆள். தனியார் கல்லூரி, கல்விக் கடன். தெருவே கூடி வழியனுப்பியிருக்கிறது. முதல் வருடத்திலேயே கணக்கில் அரியர், அது சேர்ந்து சேர்ந்து, மூன்றாம் வருடம் அவருடைய அப்பா விழுந்து படுத்தவுடன் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுவிட்டார். நின்றதோடு முடியவில்லை. மீதி வருடத்துக்கும் பணம் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., எல்லாம் அங்கேயே. பேங்கிலிருந்து நோட்டீஸ் வேறு. அவர் இப்போது திருப்பூரில் பவர் டேபிள் டைலர். அரசு வேலைக்கு எழுதலாம் என்றால் கையில் ஒரு காகிதம் கிடையாது. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்தே, 9 வருடமாக.

"அவரு எங்கள விட நல்லா படிப்பாருண்ணே," என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த அம்மாவின் கேள்வி புரிந்தது. மொதல்லயே கட்டுவாங்களா, அப்பறமா வருமா. அந்த வீட்டில் யாரும் படிப்பால் முன்னேற முடியாது என்று நினைக்கவே இல்லை. படித்தால் மேலே வரலாம் என்று நான் சொன்னதை அவர்கள் எனக்கு முன்பே நம்பினவர்கள். நம்பாமலா நடவுக் கூலியில் டியூஷன் வைத்தார்கள். அவர்கள் போட்ட கணக்கு வேறு. நடுவில் கால் இடறினால் என்ன ஆகும்? அந்தத் தெருவில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அந்தப் பதில் திருப்பூரில் தைத்துக்கொண்டிருந்தது. துண்டுத் தாளில் இருந்த 3 கல்லூரியும் அதனால்தான். வீட்டுக்குத் திரும்ப முடிகிற தூரம், நின்றுவிட்டாலும் பெரிய கடன் மிஞ்சாத தூரம்.

இந்த விஷயத்தைப் பற்றி ஆராய்ச்சிகள் இருக்கின்றன. பொருளாதாரம் படித்த பழக்கதோஷத்தில் இவற்றையெல்லாம் வாசிப்பேன். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெஸ்மின் டெஸ்டினும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்தச் சமூகத்தில் கீழிருந்து மேலே வர முடியும் என்ற எண்ணத்தைக் கொடுத்தால், ஏழைக் குடும்பத்து மாணவர்கள் பாடம் கடினமாகும்போது விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். வசதியான வீட்டு மாணவர்களிடம் அந்த எண்ணம் அப்படி ஒரு மாற்றத்தை ஏற்படுத்தவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மேலத்தெருப் பையனிடம் போய் "முன்னேற முடியும்" என்று சொன்னால் சிரிப்பான்.

டெப்ராஜ் ரே என்ற பொருளியலாளர் இன்னொன்று சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதன் வழியே தெரிகிற ஆட்களை வைத்துத்தான் நாம் ஆசைப்படுகிறோம். தனக்கும் தெரிகிறவனுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தாலும் முயற்சி வராது, ரொம்ப அதிகமாக இருந்தாலும் வராது. என் அனுபவத்துக்கு இது சரியாகப் பொருந்துகிறது. எங்கள் ஊரிலிருந்து ஒன்றும் தூரமில்லாத நீலக்குடியில், 2009-இல் தொடங்கப்பட்ட ஒரு மத்தியப் பல்கலைக்கழகமே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் திருவாரூர் போகும்போது பஸ்ஸிலிருந்து அதைப் பார்க்கிறார்கள். அதற்கு என் கடையில் விண்ணப்பம் போட்ட உள்ளூர்ப் பிள்ளைகளை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். பஸ் ஜன்னலில் தெரிவது அந்த ஜன்னலில் தெரியவில்லை.

ஆனால் ரேயின் ஜன்னலுக்கு நான் ஒரு திருத்தம் சொல்வேன் (பெரிய ஆள்தான் நான்). அந்த ஜன்னலில் ஜெயித்தவன் தெரிகிறானா என்று மட்டும் பார்க்கிறோம். தோற்றவன் தெரிகிறானா, தோற்றபின் அவன் என்ன ஆனான் என்பதும் தெரிகிறதா, அதுதான் நான் பார்த்த மூன்று பேரையும் பிரித்தது.

குத்தகை விவசாயி மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் எடுத்த ரிஸ்க் அந்தப் பெண் எடுக்க மறுத்ததைவிடப் பெரியது. அம்மா நகை அடகு, அதற்குமேல் வட்டிக்கு வாங்கிய பணம், ஏஜென்ட் கையில் ரொக்கம், ரசீது கிடையாது. இடறினால் அதலபாதாளம். பிறகு எப்படித் துணிந்தான்? அவன் தெருவில் சிங்கப்பூர் போய் மாடி வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், ஏமாந்தவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். ஒருவர் முதல் ஏஜென்டிடம் மொத்தப் பணத்தையும் விட்டுவிட்டு, 2 வருடம் நெல் மூட்டை தூக்கி, மறுபடி போய், இப்போது ஃபோர்மேன். இன்னொருவர் 4 மாதத்தில் திரும்பி வந்து, டிராக்டர் ஓட்டி, கடனை அடைத்துவிட்டு இங்கேயே செட்டில். விழுந்தால் எப்படி எழுவது என்பது அந்தத் தெருவில் டீக்கடைப் பேச்சு. எந்த ஏஜென்ட், எந்த வட்டிக்காரர் தவணை கொடுப்பார், டெஸ்டில் ஃபெயில் ஆனால் திரும்ப எவ்வளவு கட்ட வேண்டும், எல்லாம் சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரியும். தோல்வி அங்கே பழகிப்போன விஷயம், அதனால் அதன் விலையும் எல்லோருக்கும் தெரியும். காலனித் தெருவில் இன்ஜினியரிங் தோல்வி ஒன்றே ஒன்று. அது எவ்வளவு பெரியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளக்காததற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பாட்டி ஒரு நாள் கடைக்கு வந்திருந்தார், முதியோர் பென்ஷன் விஷயமாக. பேத்திக்கு நிறைய இடங்களில் போட்டுப் பார்க்கலாமே என்றேன். "ஒரேயடியா தலய தூக்கப்புடாது தம்பி" என்றார். 1968 டிசம்பர் 25 நடந்தபோது அவர் பெரிய மனுஷியாகி ஒன்றிரண்டு வருடம். கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் குடும்பங்கள், குடிசைக்குள் அடைபட்டு எரிந்து செத்தவர்கள் 44 பேர். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. இங்கே பள்ளிச் சுவரில் உழைத்தால் பலன் நிச்சயம் என்று எழுதியிருப்பார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்கு என்ன கிடைத்தது என்று பார்த்த தலைமுறை அந்தச் சுவருக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாட்டியின் வாக்கியத்தை "தாழ்வு மனப்பான்மை" என்று பெயர் வைத்துத் தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம். நான் அதை ஒரு விலைப்பட்டியல் என்றுதான் இப்போது நினைக்கிறேன், பழைய விலைப்பட்டியல்.

முகவரியில் காலனி வேண்டாம் என்றாளே, அதற்கும் ஒரு ஆய்வு பொருந்தி வருகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள், தீர்க்கிற ஒவ்வொன்றுக்கும் காசு. சாதி பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு தீர்த்தன. எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்தது குறைந்தது. அதே பையன், அதே மூளை, அதே காசு. இது வரைக்கும் பலரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு பாதி உண்டு. உயர்சாதிப் பையன்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்தபோது அவர்கள் தீர்த்ததும் குறைந்தது. நாம் யார் என்பது தெரிந்ததுதானே, எதற்கு மெனக்கெட வேண்டும், என்கிற மாதிரி.

அந்த இன்னொரு பாதிதான் என் 84 சாய்ஸ் பையன். அவனைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பம் இல்லை, நல்ல பையன், என் கடை யு.பி.எஸ். போனபோது அவன்தான் சரிசெய்து கொடுத்தான். கொள்ளுத்தாத்தா காலத்தில் அவர்களுக்கு நிலம் வேலிக்கணக்கில் இருந்தது. வேலி என்றால் 20 மா, கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கர். 1961-இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-இல் அது 15 ஆனது, அப்புறம் பாகப்பிரிவினை, கல்யாணம், விற்பனை. இப்போது மாக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனாலும் சொந்த வீடு, சித்தப்பாவின் சென்னை ஃபிளாட், தெரிந்த ஆடிட்டர், தெரிந்த வக்கீல் எல்லாம் மிச்சம் இருக்கிறது. அவன் சென்னையில் மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தான், மூன்றாவது செமஸ்டரில் பிடிக்கவில்லை என்று விட்டான். பி.பி.ஏ. சேர்ந்தான். நடுவில் ஐ.ஏ.எஸ். கோச்சிங் 5 மாதம். இப்போது வீட்டில் லேப்டாப்பில் ஷேர் டிரேடிங். அவனுடைய அப்பா என்னிடம் ஒருமுறை, "வயசு இருக்குல்லப்பா, ஏதாவது ஒண்ணுல நின்னுக்குவான்" என்றார். அவனே ஒரு நாள் சொன்னது, "எதுக்காக இவ்வளவு முக்கணும்னுதான் தெரியலண்ணே."

அவனும் கல்லூரியை நடுவில் விட்டவன்தான், அந்த அத்தை மகனும் நடுவில் விட்டவர்தான். ஒருவருக்கு அது "டிரை பண்ணிப் பார்த்தான்", இன்னொருவருக்கு "அவ்வளவுதான், முடிஞ்சுது." இவனுடைய சான்றிதழை இவன் அப்பா ஒரு வக்கீல் போனில் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டார். வசதி என்பதை நாம் கோச்சிங், ஏ.சி. ரூம், இங்கிலீஷ் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ அதில் பெரும்பங்கு இந்த வக்கீல் போன்தான் என்று படுகிறது.

சரி, அந்த 3 நாளில் என்ன நடந்தது?

இரண்டாம் நாள் சாயங்காலம், வேறு ஊர்ப் பெண் ஒருத்தி ஏதோ பிரின்ட் எடுக்க வந்தாள். 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முதல் செட், அரசுப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம், அவளும் ஒரு காலனித் தெருவிலிருந்துதான். இவளுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டேன், என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. இருவரும் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சேர்ந்த அன்று கையிலிருந்து என்ன செலவானது, பக்கெட், பாய், பூட்டு உட்பட. மெஸ் பில் யார் கட்டுகிறார்கள். ஹாஸ்டலில் தெரு பெயர் கேட்பார்களா (கேட்பார்கள், முதல் மாதம்தான் என்றாள்). இவள் முகம் மாறியது ஒரே ஒரு இடத்தில். அந்தப் பெண் சர்வசாதாரணமாக, "எனக்கு ரெண்டு அரியர் இருக்கு" என்றாள்.

"அரியர் வுழுந்தா வெளிய அனுப்ப மாட்டாங்களா?"

"பாதி கிளாஸுக்கு இருக்குடி. ஃபீஸ் கட்டி அடுத்த செமஸ்டர்ல எழுதுறதுதான்."

மறுநாள் இவள் 11 சாய்ஸ் போட்டாள். 84 இல்லை, 11. அந்தத் துண்டுத் தாளின் 3 கல்லூரியும் பட்டியலின் அடியில் போயிருந்தன. இடம் கிடைத்தது இரண்டாவது சாய்ஸில், ஹாஸ்டலோடு. முதல் செமஸ்டரில் கணக்கில் அவளுக்கும் அரியர் விழுந்தது. போன் செய்து சொன்னாள், அழவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு பெண் ஒரு சீனியரைப் பார்த்துத் தைரியம் பெற்றாள் என்பது எல்லா ஊரிலும் நடப்பது. மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களை வைத்து லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் அந்தத் திசையில்தான். ஊராட்சித் தலைவராகப் பெண் இருந்த ஊர்களில் பெண்பிள்ளைகளுடைய ஆசைகளும் அவர்களைப் பற்றிப் பெற்றோருக்கு இருந்த ஆசைகளும் உயர்ந்தன. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, தொடர்ந்து 2 தேர்தல் பெண்ணுக்கு ஒதுக்கிய இடங்களில்தான் அது நன்றாகத் தெரிந்தது. ஒருமுறை பார்த்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றும் போலிருக்கிறது.

அத்தை மகன் விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. யு.ஜி.சி. 2018 அக்டோபரில் ஒரு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது, மாணவர்களின் அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. சொல்வதும் அதேதான். இது எனக்கே அதுவரை தெரியாது, தேடியபோதுதான் கிடைத்தது. அவர் பொங்கலுக்கு வந்திருந்தபோது கூப்பிட்டு, அந்த அறிவிப்பைக் குறிப்பிட்டு மனு டைப் செய்தேன். கல்லூரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் ஒன்று, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் ஒன்று. எழுத அவருக்கே விருப்பம் இல்லை. "இவ்வளவு நாள் கழிச்சு எதுக்குண்ணே" என்றார். 2 மாதம் ஒன்றும் இல்லை, மறுபடி ஒரு மனு. ஏப்ரலில் கல்லூரியிலிருந்தே போன், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. பணம் எதுவும் கேட்கவில்லை. வருடக்கணக்கில் அவரைத் தெருவில் தலை நிமிர விடாமல் வைத்திருந்த விஷயம், மொத்தம் 3 மனு, தபால் செலவு 100 ரூபாய்க்குள்.

அந்த மார்க் ஷீட்டைப் பார்க்கத் தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் வந்ததாக அந்த அம்மா சொன்னார். லேமினேஷன் போட என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள், அசலை லேமினேட் செய்யக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். பேங்க் கடன் தீரவில்லை, ஒரே தவணையில் குறைத்துக் கட்டுவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறார். 2024 ஜூன் 9-ஆம் தேதி குரூப் 4 எழுதினார். முதலில் அறிவித்தது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். தேறவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று வேலை ஆகிவிடும், ஏனென்றால் முயல்கிறவர்கள் கூடினால் இடமும் கூடிவிடுமா என்ன. நம்பிக்கையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கைக் கையில் தொடுவதே இல்லை.

என் முடிவில் ஓட்டை இருக்கலாம். மூன்று பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. அந்த இயற்பியல் டீச்சர் இல்லாவிட்டால் அந்தப் பெண் என் கடைப் படியே ஏறியிருக்க மாட்டாள், அவளுடைய பிடிவாதமும் சேர்ந்தது. ஆனாலும், ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா மாவட்ட முதலிடம் வாங்கியவரை மேடையேற்றிப் பேசவைக்கிறார்களே, அதற்குப் பதிலாக இரண்டு அரியர் வைத்திருந்து பிறகு எழுதித் தேறிய ஒருவரைக் கூப்பிட்டுச் செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லலாம் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு யோசனை சொன்னேன். தலைமையாசிரியர் சிரித்தார். "அரியர் வச்சவனை எப்படி சார் மேடையில ஏத்துறது?"

2023-இல் அதே தெருவிலிருந்து 4 பேர் பதிவு செய்தார்கள். 7.5 சதவீதக் கட்டத்தை நான் சொல்லாமலே டிக் அடிக்கச் சொன்னார்கள். சாய்ஸ் ஃபில்லிங் அன்று ஒரு பையன் நான்காக மடித்த முழுத் தாளைக் கொடுத்தான். 26 கல்லூரி, நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் பஸ் எது, ஹாஸ்டல் உண்டா, எவ்வளவு என்று பொடி எழுத்தில். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். "மச்சாண்ணே, திருப்பூர்லேர்ந்து போன்ல சொன்னாரு, நான் எழுதிக்கிட்டேன்" என்றான்.

பட்டியலில் ஒரு பெயர் மட்டும் அழுத்தமாக அடித்திருந்தது, தாள் கிழிகிற அளவுக்கு. எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை. 3 மனுவிலும் அந்த முகவரியை டைப் செய்தது நான்தானே.